பூச்சு: ஒரு சொல்லின் திருத்தம்

என் முதுகலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘பூச்சு’ என்றொரு சொல் இருக்கிறது. இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் தொழிற்சொற்களைத் தொகுத்தபோது, பேண்டு வாத்தியக்காரர்களின் வழக்கு என்ற பிரிவில் அதனைச் சேர்த்தேன். அதற்கு நான் எழுதிய பொருள்: ‘பித்தளைக் கருவியின் மேற்புறத்தைப் பளபளப்பாக்கப் பயன்படும் பொருள்.’ எடுத்துக்காட்டுத் தொடர்: ‘பூச்சு போடாம எடுத்துட்டுப் போகக் கூடாது.’ தகவலாளர்: ஆண், வயது 58, தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர், டிரம்போன் வாசிப்பவர்.

அந்தத் தகவலாளர் என் அப்பா. நான் எழுதிய பொருள் தவறு. வழிகாட்டியோ தேர்வாளர்களோ அதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பில்லை. தொடரோடு அப்பொருள் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது. அது தவறென்று நான் அறிந்துகொண்டது நூலகத்தில் அன்று, கடந்த சனவரியில் மூணாற்றின் ஒரு கல்லறைத் தோட்டத்தில். களப்பணிக்குச் செல்லவிருக்கும் இளைய நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். வாத்தியம் வாசிப்பவர்கள் யாரேனும் படித்தால் அவர்களுக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். டிரம்போன் என்பது இத்தாலியப் பெயர். ‘பெரிய எக்காளம்’ என்று பொருள்படும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே அதன் முன்னோடி வந்துவிட்டது. மேலைப் பேண்டு இசை நம் மண்ணுக்கும் புதிதன்று. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையிலேயே மேலை இசைக்குழு ஒன்றை வைத்திருந்தார். பின்னர்ப் படைப்பிரிவுகளும் காவல்துறையும் திருச்சபைகளும் பித்தளைக் கருவிகளை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. 1882இல் இந்தியாவுக்கு வந்த இரட்சணிய சேனைக்குப் பேண்டு என்பது வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே இருந்தது. கேரளத்துத் தேவாலயப் பெருநாள் ஊர்வலங்களில் இன்றும் பேண்டு செட்டுக்குத் தனி இடம் உண்டு. எங்கள் மலையிலும் அப்படித்தான். அப்பாவின் டிரம்போன் மீரட்டில் செய்யப்பட்டது. அந்நகரின் ஜலி கோட்டிப் பகுதியில்தான் நம் நாட்டுத் திருமண பேண்டுகளின் பித்தளைக் கருவிகள் பெருமளவில் உருவாகின்றன.

டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் வால்வுகள் உண்டு. டிரம்போனில் அவை இல்லை. இணையாக நிற்கும் இரண்டு உள்குழல்களின் மேல், வளைந்த வெளிக்குழல் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். அந்த ஓட்டத்தில் ஏழு நிலைகள். வெளிக்குழல் முழுவதும் உள்ளே இருந்தால் முதல் நிலை. கை முழுவதும் நீண்டால் ஏழாம் நிலை. நிலைகளைக் காட்டக் கோடோ பள்ளமோ கிடையாது; காதும் கையும்தான் அளவுகோல். ஆகவே அந்த ஓட்டம் தடைப்பட்டால் கருவி ஊமையாகிவிடும் என்று சொல்ல முடியாது. பாதிப் பேச்சு போனதாகிவிடும். அது எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

என் முனைவர் பட்ட ஆய்வு பாலக்காட்டு எல்லையில் நடக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து வந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த தேவிகுளமும் பீர்மேடும் ஒரே கேரளத்துக்குள் அடங்கின. ஆனால் என் சொந்த மலைக்கும் என் களத்துக்கும் நடுவே இன்றும் தமிழ்நாடு குறுக்கிடுகிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியே மூணாறு செல்பவர் ஒரே பகலில் இரண்டு முறை மாநில எல்லையைக் கடக்கிறார். கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் சமவெளியில் புறப்பட்டு, கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்துக்குச் செல்கிறார். இந்த வெப்ப வேறுபாட்டை நான் பயணக் களைப்பாக மட்டுமே அறிந்திருந்தேன்.

சென்ற ஆண்டு அப்பாவின் டிரம்போனில் வெளிக்குழல் ஓரிடத்தில் ஒடுக்கு விழுந்தது. சரிசெய்வதற்காக அதனைப் பாலக்காட்டுக்குக் கொண்டு வந்தேன். பழுது பார்த்தவர் கைதேர்ந்தவர். ஒடுக்கை எடுத்து, குழல்களைக் கழுவி உலர்த்தித் தந்தார். தரும்போது மலையாளத்தில் ஒரே ஒரு சொற்றொடர் சொன்னார்: “எண்ண இட்டோளூ.” எண்ணெய் இட்டுக்கொள். நான் விடுதிக்குத் திரும்பி, அறையில் இருந்த தேங்காய் எண்ணெயை உள்குழல்களில் தாராளமாகத் தடவினேன். அக்டோபர் மாதப் பாலக்காட்டு வெயிலில் வெளிக்குழல் நன்றாகவே ஓடியது. பிறகு அரை நாள் செலவிட்டுப் பிராஸோ போட்டுத் தேய்த்துக் கருவியின் வெளிப்புறத்தைப் பளபளப்பாக்கினேன்.

மொழியியல் படித்த நான் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். ‘எண்ணெய்’ என்பது எள்ளின் நெய். தமிழில் அது முதலில் ஒரே ஒரு பொருளைச் சுட்டிய சொல்; பின்னரே எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயரானது. அடைமொழியின்றி ‘எண்ணெய்’ என்றால் எது என்பது ஊருக்கு ஊர் மாறும். கேரள வீட்டில் ‘எண்ண’ என்றால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அதன் முழுப்பெயரான ‘வெளிச்செண்ண’ என்பதில் வெளிச்சம் இருக்கிறது. நம் ‘விளக்கெண்ணெ’யில் விளக்கு இருக்கிறது. இரண்டும் ஒளியை ஒட்டி எழுந்த பெயர்கள்தாம். ஆனால் ஒன்று தேங்காயிலிருந்து வருவது, மற்றொன்று ஆமணக்கிலிருந்து வருவது. இதையெல்லாம் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்பவள் நான். பழுது பார்த்தவர் ‘எண்ண’ என்றது டிரம்போனுக்கு உரிய எண்ணெயை. அவருடைய பட்டறையில் அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. நான் கேட்டதோ சமையலறைச் சொல்லை.

சனவரியில் ஓர் இரவு அப்பா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பேண்டில் முப்பது ஆண்டுகள் யூபோனியம் வாசித்த மாமா இறந்துவிட்டார். எனக்குச் சுரம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். மறுநாள் மாலைக்குள் கருவியோடு வந்து சேரும்படி அப்பா சொன்னார். அடக்கம் அதற்கடுத்த நாள் காலையில். நான் வீடு சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. துக்க வீட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பூச்சு போட்டிருக்கா பாப்பா?”

“எல்லாம் போட்டாச்சுப்பா” என்றேன்.

என் பின்னிணைப்பின்படி அது சரியான விடை. கருவி கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தது.

காலையில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மூணாற்றில் அத்தகைய நாள்களில் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையிலேயே உறையத் தொடங்கும் என்பது பனிக்காலத்தில் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் அப்பா பெட்டியைத் திறந்து, கருவியைப் பூட்டி, ஓட்டத்தைச் சோதிக்க வெளிக்குழலைத் தள்ளினார். அது நகரவில்லை. மீண்டும் தள்ளினார். வெல்லப்பாகுக்குள் அகப்பை நகர்வதுபோல் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. வலிந்து இழுத்தால் குழல் வளைந்துவிடும். அதற்குள் டிரம்பெட் தொடங்கிவிட்டது.

அப்பா வெளிக்குழலை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு முதல் நிலையிலேயே நின்றார். ஓட்டமில்லாத டிரம்போனில் உதட்டின் இறுக்கத்தை மாற்றி, இயற்கையாக எழும் சுரங்களை மட்டும் வாசிக்கலாம். நம் முறையில் சொன்னால், கீழ் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், காந்தாரம், அதற்கு மேல் ஒரு பஞ்சமம். பாட்டில் அந்தச் சுரங்கள் வரும் இடங்களில் மட்டும் அவர் ஊதினார். மற்ற இடங்களில் கருவியை உதட்டிலிருந்து எடுக்காமல் மௌனமாக நின்றார். யூபோனியத்தின் இடம் காலியாக இருந்த குழுவில் டிரம்போனும் விட்டு விட்டு ஒலித்தது. கூட்டத்தில் பலருக்கு அது தெரிந்திருக்காது. அவருக்குத் தெரியும், குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கோபப்படவில்லை. “என்ன போட்ட?” என்று கேட்டார். சொன்னேன். “மலையில அது எண்ணெய் இல்ல பாப்பா, மெழுகு” என்றார்.

அன்று பிற்பகல் நான் குறிப்பேடு இல்லாமல் அவர் அருகில் அமர்ந்தேன். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டுக் குழல்களைக் கழுவினார். கொதிநீர் கூடாது. நீண்ட கம்பியில் மெல்லிய துணியைச் சுற்றி வெளிக்குழலின் இரு கால்களுக்குள்ளும் செலுத்தித் துடைத்தார். கம்பியின் முனை வெளியே தெரியாதபடி துணி மூடியிருக்க வேண்டும். இல்லையெனில் உட்புறம் கீறும். எந்தக் காலைத் துடைக்கிறோமோ அந்தக் காலையே கையில் பிடிக்க வேண்டும். மற்றொன்றைப் பிடித்தால் இரண்டும் இணைகோட்டிலிருந்து விலகிவிடும். துணி பச்சையாக வெளியே வந்தது. உள்குழலில் முலாம் தேய்ந்த இடங்களில் பித்தளையோடு எண்ணெயின் கொழுப்பமிலம் வினைபுரிந்து விளைந்த பச்சை அது.

உள்குழல்களின் நுனியை அவர் என் விரலால் தடவச் சொன்னார். கடைசிச் சில அங்குலம் மட்டும் மிகச் சிறிதே பருத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வாத்தியக்காரர்கள் இதனை ஸ்டாக்கிங் என்பர். காலுறை என்று நாம் சொல்லலாம். வெளிக்குழலைத் தொடுவது அந்தப் பகுதி மட்டுமே. எனவே பூசவேண்டியதும் அங்கே மட்டுமே. குழல் முழுவதும் தடவிய என் தாராளம் வீணானது மட்டுமன்று, தடையும் ஆகும்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தார். கோல்ட் கிரீம். சிறுவயதில் அம்மாவின் முகப்பூச்சை அப்பா எடுத்துக்கொள்கிறார் என்று நான் சிரித்ததுண்டு. கடுகளவு எடுத்து ஒவ்வொரு காலுறையிலும் வைத்து, விரலால் மெல்லிய படலமாகத் தேய்த்து, மிகுந்ததைத் துடைத்துவிட்டார். சிறிய தெளிப்பான் குப்பியிலிருந்து அதன்மேல் தண்ணீர் தெளித்தார். நீர் முத்து முத்தாக நின்றது. வெளிக்குழலை மாட்டிச் சில முறை மேலும் கீழும் ஓட்டினார். பின்னர் கருவியைச் செங்குத்தாகப் பிடித்துப் பூட்டை விடுவித்தபோது வெளிக்குழல் தன் எடையாலேயே ஓசையின்றி இறங்கியது; கீழே கையை வைத்துத் தாங்கிக்கொண்டார்.

“இதுக்குப் பேருதான் பூச்சு” என்றார்.

கோல்ட் கிரீம் என்பது கனிம எண்ணெய், தேன்மெழுகு, நீர் முதலியவற்றைக் குழைத்துச் செய்யும் ஒரு பால்மம். அமெரிக்க டிரம்போன் கலைஞர்கள் பலரும் நெடுங்காலம் பாண்ட்ஸ் கிரீமையே இதற்குப் பயன்படுத்தினர் என்பதைப் பின்னர்ப் படித்தேன். இப்போது இதற்கென்றே டிரம்போட்டின் போன்ற களிம்புகளும், ஸ்லைட்-ஓ-மிக்ஸ் போன்ற செருமானியக் கலவைகளும் விற்கப்படுகின்றன. தத்துவம் ஒன்றுதான்: காலுறையின்மேல் நீரை ஒட்டவிடாத ஒரு மெல்லிய படலம், அதன்மேல் நீர்த்துளிகள். வெளிக்குழல் துளிகளின்மேல் வழுக்கி ஓடுகிறது. நம் மூச்சின் ஈரமும் குழலுக்குள் குளிர்ந்து நீராகி அதற்குத் துணைபுரிகிறது. காய்ந்துவிட்டால் மீண்டும் தெளித்தால் போதும். ஒவ்வொரு முறையும் பூசத் தேவையில்லை. பனிக்காலத்தில் அப்பா தெளிப்பான் குப்பியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்வார். அதன் காரணமும் அன்றுதான் விளங்கியது.

தையல் எந்திர எண்ணெய் விடுபவர்களும் உண்டு. உடனே ஓடும், விரைவில் காய்ந்து அழுக்கைச் சேர்க்கும் என்கிறார் அப்பா. ஒன்றன்மேல் மற்றொன்றை இடக்கூடாது. பொருளை மாற்றினால் முதலில் முழுவதும் கழுவ வேண்டும். சுருதி சேர்க்கும் பின்வளைவுக்கு இது எதுவும் ஆகாது. அது ஓடவேண்டிய உறுப்பன்று, வைத்த இடத்தில் நிற்கவேண்டியது. அதற்கு வாசலினோ கெட்டியான கிரீசோ வேண்டும். ஒரே கருவியில் இரண்டு வழுக்குகள். ஒன்று விடுவதற்கு, மற்றொன்று பிடிப்பதற்கு.

இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. வண்டி அச்சுக்கு இட்ட ‘மசகு’ இருக்கிறது. தமிழ்நாட்டில் மசகெண்ணெய் என்றால் எந்திரங்களுக்கு இடுவது. இலங்கைச் செய்தித்தாள்களில் அதே சொல் நிலத்தடிக் கச்சா எண்ணெயைக் குறிக்கும். பாடநூல்களில் ‘உயவு’ இருக்கிறது. சங்க இலக்கியத்தில் அச்சொல்லுக்கு வருத்தம் என்று பொருள். ‘களிம்பு’ இருக்கிறது. செம்பிலும் பித்தளையிலும் ஊறும் பச்சையும் களிம்புதான். புண்ணுக்கு இடும் மருந்தும் களிம்புதான். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்லும் செம்பின் களிம்பை அன்று நான் அப்பாவின் துணியில் பார்த்தேன். அதைப் போக்கிய பின் இட்டதும் ஒரு களிம்பே. அகராதி இரண்டையும் அடுத்தடுத்த எண்களில் தந்துவிடும். எது எந்தக் குழலில், எந்தக் குளிரில் என்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பவரே அறிவார்.

என் பிழை இதுதான். நான் அப்பாவைப் பேட்டி கண்டேன்; அவர் வேலை செய்யும்போது பார்க்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, ‘இதற்கு என்ன சொல்வீர்கள்’ என்று கேட்டேன். அவர் சொல்லைத் தந்தார். பொருளை நானே ஊகித்து எழுதினேன். மகள் என்பதால், அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால், சரிபார்க்கத் தேவையில்லை என்று நம்பினேன். வேற்றூரில் ஒரு மத்தளக்காரரிடம் இப்படி நடந்துகொண்டிருக்க மாட்டேன். பாலக்காட்டுப் பெருவெம்பில் தோற்கருவி செய்பவர்களிடம் சென்றபோது மூன்று நாள் வாய் திறக்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சொந்த வீட்டைக் களமாகக் கொள்வோர்க்கு இந்த ஆபத்து அதிகம்: தெரியும் என்ற எண்ணமே தெரிந்துகொள்வதற்குத் தடையாகிவிடுகிறது.

பின்னிணைப்பின் மற்றச் சொற்களையும் இப்போது ஒவ்வொன்றாகச் செயலோடு வைத்துச் சரிபார்த்து வருகிறேன். இதுவரை இன்னும் நான்கு பிழைகள் அகப்பட்டிருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேட்டில் ‘பூச்சு’ இவ்வாறு இடம்பெறும்:

பூச்சு, பெயர்ச்சொல். டிரம்போன் உள்குழலின் நுனிப் பகுதியில் கடுகளவு தேய்த்து, நீர் தெளித்துப் பயன்படுத்தும் களிம்பு. வெளிக்குழல் தடையின்றி ஓடுவதற்காக இடுவது. மலைப்பகுதியில் தேங்காய் எண்ணெய் இதற்கு மாற்றாகாது.

கடைசித் தொடர் அகராதி மரபுக்குப் புறம்பானது என்று வழிகாட்டி சொல்லக்கூடும். அதை நீக்க நான் ஒப்பமாட்டேன்.

மாமாவின் ஆண்டு நினைவு வழிபாடு வரும் சனவரியில். அப்பா வாசிக்கிறார். இம்முறை முந்தின நாளே பெட்டியைத் திறந்து, பூச்சு போடவேண்டியது நான்.